மூலைக்கு வெள்ளை சிமென்ட் வேண்டாம்

குளியலறையில் டைல்ஸ் ஒட்டி முடித்ததும் வெள்ளை சிமென்டைக் குழைத்து எல்லா இடுக்குகளிலும் இழுத்துவிடுவது நம் ஊர் வழக்கம். டைலுக்கும் டைலுக்கும் நடுவே, தரையும் சுவரும் சேரும் மூலையில், வாஷ்பேசின் விளிம்பில், குழாயைச் சுற்றி என்று எங்கும் அதேதான். சில மாதங்களில் மூலையில் மட்டும் மயிரிழை போல விரிசல் ஓடும். கொத்தனாரைத் திட்டிப் பயனில்லை. எவ்வளவு உயர்ந்த சிமென்ட் போட்டாலும் அந்த இடத்தில் விரிசல் விடத்தான் செய்யும்.

டைல் அசையாப் பொருள் போலத் தெரிந்தாலும் சூட்டில் விரிகிறது. 1 மீட்டர் பீங்கான் டைல், 1 டிகிரி செல்சியஸ் கூடினால் ஏறக்குறைய 7 மைக்ரான் நீளும். 3 மீட்டர் நீள மொட்டை மாடித் தளம் வெயிலில் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கும் மேல் வளரும், இரவில் சுருங்கும். மூலையிலோ சுவர் ஒரு பக்கம், தரை ஒரு பக்கம் என இரண்டும் தனித்தனியாக நகர்கின்றன. சிமென்ட் அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் எளிதில் பிளந்துவிடும்.

அங்கே வேண்டியது சிலிகான். சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த நீண்ட சங்கிலி அது. வளையும், நீளும், மீளும். தரமானது இடைவெளியின் அகலத்தில் கால் பங்கு வரை நீண்டு கொடுக்கும். குழாயிலிருந்து பிதுக்கியதும் காற்றின் ஈரப்பதத்தை உறிஞ்சித்தான் இறுகும். அப்போது வினிகர் வாடை அடித்தால் அசிட்டிக் அமிலம் வெளியேறுகிறது என்று பொருள். அந்த அமிலம் பளிங்கை அரித்துவிடும் என்பதால் மார்பிள் பதித்த வீட்டில் 'நியூட்ரல்' வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

டைல்களுக்கு இடையே பாலிமர் கலந்த 'கிரவுட்' எனும் இடுக்கு நிரப்பும் சிமென்ட் கலவை போதும். அதைக் குழைக்கும்போது தண்ணீரை அளவாக ஊற்றுங்கள். கூடினால் நுண்துளைகள் பெருகி அழுக்கைக் குடிக்கும். பாத்ரூம் ஆசிட் ஊற்றிக் கழுவும் வீட்டில் எந்த சிமென்டும் நிலைக்காது. மஞ்சளும் எண்ணெயும் சிந்தும் சமையல் மேடைக்கு எபாக்சி கிரவுட் நல்லது. விலை அதிகம், சீக்கிரம் இறுகும், டைலில் ஒட்டியதை உடனே துடைக்காவிட்டால் பாடுதான். வெயில் பட்டால் மஞ்சளிக்கும்.

பழைய சிலிகான் மேல் புதியது ஒட்டாது. முழுக்கச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டுப் பூசுங்கள். ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது. கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் கசிகிறது என்றால் இவை எதுவும் தீர்வாகாது. அதற்கு டைலைப் பெயர்த்து அடியில் நீர்த்தடுப்புப் பூச்சு கொடுக்க வேண்டும்.