போதகர் படிப்பு: ஊர் தேடி வந்த கல்லூரி!

மக்காச்சோளம் விதைக்கிற ஒரு விவசாயி. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஊர் சபையில் ஜெபம் நடத்துவது அவர்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் முதலில் போய் நிற்பார். கணவன் மனைவி சண்டை என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் அவர் போதகர் இல்லை. ஏனென்றால், இறையியல் கல்லூரியில் படிக்கவில்லை. நிலத்தையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு வருஷக்கணக்கில் விடுதியில் போய்த் தங்க அவரால் முடியுமா?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், 1960-களின் தொடக்கத்தில் கிராமத்துக்குக் கிராமம் இப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள். நம்மூர் திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அங்கிருந்த பிரஸ்பிட்டேரியன் சபையின் இறையியல் கல்லூரி தலைநகரில் இருந்தது. அதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகாத இளைஞர்கள். எந்தச் சபையையும் நடத்திப் பார்த்த அனுபவம் இல்லாதவர்கள். படித்து முடித்தவர்களில் பலருக்கு மலைக்கிராமத்துக்குத் திரும்ப மனசு வரவில்லை. திரும்பினாலும், பட்டதாரிப் போதகருக்குச் சம்பளம் கொடுக்கிற வசதி ஏழைச் சபைகளுக்கு இல்லை. தலைவராக இருந்தவருக்குப் படிப்பு இல்லை. படித்து வந்தவருக்கோ ஊர் ஒட்டவில்லை!

1962-ல் கல்லூரியையே சான் பெலிப்பே என்ற சிற்றூருக்கு மாற்றிப் பார்த்தார்கள். அதனாலும் பிரச்னை தீரவில்லை. கல்லூரி நகரத்தைவிட்டு வந்தாலும், விவசாயி வயலைவிட்டு வர முடியாதே.

அடுத்த வருஷம்தான் விஷயத்தைத் தலைகீழாக்கினார்கள். மாணவர் வர வேண்டாம், ஆசிரியர் போகட்டும் என்று முடிவானது. இதைத் தொடங்கியவர்கள் ரால்ப் விண்டர், ஜேம்ஸ் எமெரி என்ற அமெரிக்க மிஷனரிகள். ராஸ் கின்ஸ்லர் பிறகு வந்து சேர்ந்தார். விண்டர் அடிப்படையில் சிவில் இன்ஜினீயரிங் படித்தவர். மாம் என்ற மாயா பழங்குடி மக்களிடையே வேலை பார்த்தவர். பக்தியைக் குறை சொல்லாமல் ஏற்பாட்டைச் சரிசெய்யப் பார்த்தது அந்த இன்ஜினீயர் புத்தியாகவும் இருக்கலாம்.

வட்டாரத்துக்கு ஒரு மையம். மாணவர்கள் வாரம் முழுக்க வீட்டிலேயே படிப்பார்கள். ஆசிரியர் வாரம் ஒருமுறை மையத்துக்கு வருவார். சில மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். அந்த வாரமே சபையில் எழுந்த சிக்கலும் பேச்சில் வரும்.

சொல்வதற்குச் சுலபம். கனமான புத்தகத்தைத் தனியாகப் படிக்கச் சொன்னால், ஆரம்பப் பள்ளியோடு நின்றவர் என்ன செய்வார்? இதற்காகவே புதுவிதப் பாடநூல்களை எழுத வேண்டியிருந்தது. கொஞ்சம் பாடம், உடனே கேள்வி, பக்கத்திலேயே விடை, பிறகு அடுத்த படி. ஆரம்பப் பள்ளி முடித்தவர், உயர்நிலைப் பள்ளி முடித்தவர், பட்டதாரி என்று அவரவர் தரத்துக்கு ஏற்ற பாடம்.

இந்த முறையை விளக்க, கல்வியாளர் டெட் வார்ட் வேலியை உதாரணம் காட்டினார். படுக்கைவாட்டில் இரண்டு மரச்சட்டங்கள். ஒன்று புத்தகப் படிப்பு, மற்றது அன்றாட ஊழியம். இரண்டையும் பிடித்து நிறுத்தும் கம்பங்கள்தான் ஆசிரியரோடு நடக்கும் கூட்டங்கள். கம்பம் இல்லாவிட்டால் சட்டங்கள் தரையில்தான் கிடக்கும்.

‘இது இரண்டாந்தரப் படிப்பு’ என்ற முணுமுணுப்பும் கிளம்பியது. அதை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. பெரிய நூலகமோ, சக மாணவர்களோடு ராத்திரி முழுக்க நடக்கும் விவாதமோ இதில் கிடைக்காது. பகலெல்லாம் உழைத்த களைப்பில் பாதியில் விட்டுப்போகிறவர்களும் உண்டு. ஆனால் வயலில் நிற்கிற அந்த விவசாயிக்கு இதைவிட்டால் வேறு எந்தக் கல்லூரி கதவைத் திறந்தது?

லத்தீன் அமெரிக்க நாடுகளில் பரவிய இந்த முறை, ஆப்பிரிக்காவுக்கும் ஆசியாவுக்கும் வந்தது. இந்தியாவில் 1971-ல் பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ‘டாப்டீ’ என்ற அமைப்பு தொடங்கியது. வேலையையோ வீட்டையோ விட்டுவிட்டு விடுதிக்குப் போக முடியாதவர்களுக்கான படிப்பு. வீட்டில் பாடம், ஊரிலேயே ஒரு சிறு குழு, நடுவில் வழிகாட்டி. அதே வேலிதான். குடும்பத்தலைவிகளுக்கும், ஆபீஸ் வேலையில் இருப்பவர்களுக்கும்கூட இறையியல் பாடம் கைக்கு எட்டியது இப்படித்தான்.