தடைபட்ட பிரசவம்: மலையிலிருந்து எப்போது இறங்க வேண்டும்?

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் கர்ப்பிணிகளுக்குத் தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. ஆனால், சிக்கல் பெரிதாகி ஈப்போ போன்ற நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப நேர்ந்தால் மலைப்பாதையில் இறங்கியாக வேண்டும். தாப்பாவுக்கு மட்டுமே சுமார் 60 கிலோமீட்டர், பெரும்பாலும் வளைவுகள். மழையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம்.

வலி நன்றாக இருந்தும் குழந்தை கீழே இறங்காமல் நிற்பதே தடைபட்ட பிரசவம். தாயின் இடுப்பெலும்பு குறுகலாக இருக்கலாம், குழந்தையின் தலை பெரிதாக இருக்கலாம், அல்லது குழந்தை குறுக்கே கிடக்கலாம். முன்பு பிள்ளை பெற்றவருக்குக் கருப்பை கிழிந்து உள்ளே இரத்தம் கொட்டும் அபாயம் அதிகம். தலைப்பிரசவத்தில் வலியே ஓய்ந்துபோகலாம். பல மணி நேர அழுத்தத்தில் சிறுநீர்ப்பையில் துளை விழுந்து, பிறகு ஓயாமல் சிறுநீர் கசியலாம். வீட்டில் வயிற்றை அமுக்கித் தள்ளுவது உதவி அல்ல, ஆபத்து.

உயரம் 145 சென்டிமீட்டருக்குக் குறைவா என்று தாதியர் அளந்து இளஞ்சிவப்புப் புத்தகத்தில் எழுதுவது இதற்காகத்தான். ஆனால் உயரம் ஓர் எச்சரிக்கை மட்டுமே. பெரும்பாலும் வலி கண்ட பிறகுதான் உண்மை தெரியும்.

அதைக் கண்டுபிடிக்க உதவுவது ஒரே ஒரு தாள். 1972-இல் ரொடீசியாவில், அதாவது இன்றைய சிம்பாப்வேயில், பில்பாட், காசில் இருவரும் பிரசவ வரைபடத்தில் இரண்டு கோடுகளைச் சேர்த்தார்கள். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டராவது விரியாவிட்டால் எச்சரிக்கைக் கோடு தாண்டப்படும். சிகிச்சையில் இறங்க வேண்டிய கோடு அதற்கு 4 மணி நேரம் தள்ளி இருக்கும். அந்த 4 மணி நேரம், தொலைவிலுள்ள கிளினிக்கிலிருந்து தாயை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க விடப்பட்ட அவகாசம். மலைவாசிகளுக்கென்றே போட்ட கணக்கு போலிருக்கிறது!

உலகச் சுகாதார நிறுவனம் 1990-91-இல் மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்தில் 35,484 பெண்களிடம் இந்த வரைபடத்தைச் சோதித்தது. 18 மணி நேரத்துக்கு மேல் நீண்ட பிரசவங்கள் 6.4 விழுக்காட்டிலிருந்து 3.4 ஆகக் குறைந்தன. எல்லாப் பெண்களுக்கும் ஒரே வேகம் பொருந்தாது என்று அந்நிறுவனம் பின்னர் தன் வழிகாட்டுதலைத் திருத்திக்கொண்டாலும், மணிக்கணக்கைக் குறித்துவைக்கும் வழக்கம் மாறவில்லை.

வலி எத்தனை மணிக்குத் தொடங்கியது, நீர்க்குடம் எப்போது உடைந்தது என்பதை வீட்டிலுள்ளவர்கள் எழுதிவைத்துத் தாதியிடம் சொல்ல வேண்டும். முந்தைய பிரசவம் சிசேரியனாக இருந்தாலோ, குழந்தை குறுக்கே இருப்பதாகச் சொல்லப்பட்டாலோ, நாள் நெருங்குமுன்பே மருத்துவரைக் கேட்டு, கீழே உறவினர் வீட்டில் போய்த் தங்கலாம். இரவில் வலி கண்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் 999-ஐ அழைக்க வேண்டும்.