முதியோர் நெஞ்சமும் பணியாளர் கடமையும்



பழங்காநத்தத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் என் ஆசிரிய நண்பர் ஒருவர் மனைவியாரோடு வாழ்ந்து வந்தார். பிள்ளைகள் வெளிநாடு சென்றபின் இருவரும் முதியோர் இல்லம் ஒன்றிற் சேர்ந்தனர். அங்கே ஆடவர் கூடம் வேறு. மகளிர் கூடம் வேறு. 45 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவர்கள் உணவு வேளையில்தான் ஒருவரையொருவர் காண முடிந்தது. ஒரு நாள் மாலை தாழ்வாரத்தில் மனைவியின் கையைப் பற்றியவாறு நண்பர் அமர்ந்திருந்தார். அவ்வழியே சென்ற இளம் பணியாளர், “இந்த வயசிலும் இதுவா, தாத்தா?” என்று சொல்லிச் சிரித்தார். அவர் நெஞ்சில் தீய எண்ணம் ஏதுமில்லை. ஆயினும் அன்று முதல் நண்பர் தாழ்வாரத்திற்கு வருவதையே விட்டுவிட்டார்.

பணியாளரிடம் இல்லாதது அன்பு அன்று, அறிவு. அவ்வறிவு யாது என்பதே இன்று நாம் ஆராயப் புகும் பொருள்.

முதுமை வந்தால் நெருக்கத்தின் தேவை அற்றுப்போகும் எனப் பலர் எண்ணுகின்றனர். நெருக்கம் என்பது ஒன்றன்று, பலவாகும். பரிவான சொல், தோளைத் தொடும் கை, ஒரே அறையில் உறங்குதல், தாம்பத்திய உறவு ஆகிய அனைத்தும் அதனுள் அடங்கும். அமெரிக்க நாட்டில் 57 முதல் 85 வயது வரையுள்ள 3,005 பேரிடம் நடத்திய ஆய்வொன்று 2007ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 57 முதல் 64 வயதினரில் 100க்கு 73 பேரும், 65 முதல் 74 வயதினரில் 53 பேரும், 75 வயதைக் கடந்தவர்களில் 26 பேரும் தாம்பத்திய உறவுடையோர் என அது காட்டிற்று. வயது ஏற ஏற அது குறைகிறது, முற்றும் அழிவதில்லை. குறைவதற்கும் வயது ஒன்றே காரணமன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்ற நோய்களும், அவற்றுக்கு உண்ணும் சில மருந்துகளும், துணையை இழந்த தனிமையும் காரணங்களாம்.

இது மேனாட்டார்க்கு மட்டும் உரிய செய்தி என்று கருதற்க. தண்டூன்றி நடுங்கி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசவல்ல முதுமையில், மகளிரோடு கைகோத்து ஆடிய இளமையை நினைந்து ஏங்கிய தொடித்தலை விழுத்தண்டினாரைப் புறநானூறு நமக்குக் காட்டுகிறது. உடல் தளர்ந்தது, உள்ளம் தளரவில்லை.

முதியோரைப் பேணுவோர் இதனை எவ்வளவு அறிந்துள்ளனர் என்பதை அளக்க, 1982ஆம் ஆண்டில் சார்லஸ் ஒயிட் என்பார் ஒரு வினாத்தொகுதி அமைத்தார். அதன் ஒரு பகுதி அறிவை அளக்கும்; மற்றொன்று மனப்பான்மையை அளக்கும். இவ்விரண்டும் வேறுவேறு என்பதை நீங்கள் கருத்தில் இருத்துதல் வேண்டும். உண்மையை அறிந்தும் முகம் சுளிப்போர் உண்டு. பரிவிருந்தும் அறியாமையால் புண்படுத்துவோரும் உண்டு.

அறிவு எவ்வாறு பயன்படும்? மறதி நோயுற்ற முதியவர் ஒருவர் பலர் முன்னிலையில் ஆடையைக் களைகிறார் எனக் கொள்வோம். அறியாதவர் அதனை ஒழுக்கக்கேடு என்பர். அறிந்தவரோ, புழுக்கமா, ஆடை இறுக்கமா, சிறுநீர் கழிக்கும் உந்துதலா என முதலிற் காரணம் தேடுவர். கதவைத் தட்டி விடை பெற்றபின் அறைக்குள் நுழைவர். கண்டதைப் பிறரிடம் கதையாகச் சொல்லார்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இருவர் நெருக்கத்திற்கு இருவரின் மனமார்ந்த இசைவும் வேண்டும். மறதி நோயால் இசைவு தெரிவிக்க இயலாதவரைக் காப்பது பணியாளர் கடமை. தம்மையே ஒருவர் தகாத முறையில் தொட்டால், உறுதியாகத் தடுத்து மேலாளரிடம் கூறும் உரிமையும் பணியாளருக்கு உண்டு.

நியூயார்க் நகரின் ரிவர்டேல் பகுதியிலுள்ள ஹீப்ரு முதியோர் இல்லம் 1995ஆம் ஆண்டிலேயே இவற்றிற்கென எழுத்து வடிவில் விதிகள் வகுத்தது. நம் அண்டை மாநிலமாகிய கேரளத்திலும் ஒரு நல்ல சான்று உண்டு. திருச்சூர் இராமவர்மபுரத்து அரசு முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, அறுபது வயதைக் கடந்த இருவர், 2019ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் அவ்வில்லத்திலேயே மணம் புரிந்துகொண்டனர். இல்லத்தார் எள்ளி நகையாடவில்லை. முன்னின்று நடத்தி வைத்தனர். மாநில அமைச்சரும் வந்து வாழ்த்தினார்.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மாவட்டந்தோறும் 150 முதியோரேனும் தங்கத்தக்க இல்லம் அமைக்க அது வழி வகுக்கிறது. கட்டடத்தைச் சட்டம் எழுப்பலாம். அதனுள் பணிபுரிவோர் மனத்தைக் கல்விதான் பண்படுத்த வேண்டும்.

உங்களுள் சிலர் நாளை செவிலியர் ஆவீர்கள். சிலர் மருத்துவர் ஆவீர்கள். அதுவரை காத்திருக்க வேண்டுவதில்லை. தந்தை மூத்த மகன் வீட்டிலும், தாய் இளைய மகன் வீட்டிலும் எனப் பெற்றோரைப் பங்கிட்டுக் கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. சோறு குறைவதில்லை, துணை பறிபோகிறது. உங்கள் வீட்டில் அவ்வாறு நேருமாயின், “தாத்தாவும் பாட்டியும் ஒரே இடத்தில் இருக்கட்டும்” என்று சொல்லுங்கள். பேரப்பிள்ளை சொல்லும் அச்சொல்லைப் பெரியோர் எளிதில் தட்டார்.