முறிந்த எலும்பும் நோயுற்ற எலும்பும்

மனிதன் நிமிர்ந்து நிற்பதும் நடப்பதும் எலும்பின் துணையாலேதான் என்பதை அனைவரும் அறிவோம். ஆனால் அந்த எலும்பு உயிரற்ற கல்லன்று என்பதைப் பலரும் மறந்துவிடுகிறோம். எலும்பினுள்ளும் குருதி ஓடுகிறது. அதிலுள்ள உயிரணுக்கள் பழையதை அரித்தெடுத்துப் புதியதைக் கட்டிக்கொண்டே இருக்கின்றன. உயிருள்ள பொருளாதலின் அதற்கு இருவகைத் துன்பங்கள் நேர்கின்றன. ஒன்று, அடியாலோ வீழ்ச்சியாலோ முறிவது. மற்றொன்று, உள்ளிருந்து தோன்றும் கட்டியால் அழிவது. இவ்விரண்டிற்கும் அறுவை மருத்துவர் கையாளும் முறைகள் எவ்வாறு வேறுபடுகின்றன, எங்கே ஒன்றுபடுகின்றன என்பதை இன்று காண்போம்.

வீட்டுக் கூரையைத் தாங்கும் உத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பாரம் தாங்காமல் அது விரிசல் விட்டால், தச்சர் இருபுறமும் இரும்புப் பட்டை வைத்து முடுக்கிவிடுவார். கறையான் அரித்த உத்திரத்திற்கு அவ்வாறு செய்வாரா? செய்யமாட்டார். அரித்த பகுதியை மட்டுமன்றி, அதற்கு அப்பால் நல்ல மரத்தையும் சிறிது சேர்த்து அறுத்தெறிந்த பின்னரே புது மரத்தை இணைப்பார். முறிந்த எலும்பின் முன் நிற்கும் மருத்துவர், “இதை எப்படிச் சேர்ப்பது?” என்று கேட்கிறார். கட்டி கண்ட எலும்பின் முன் நிற்கும் மருத்துவரோ, “எதுவரை அகற்றுவது?” என்று கேட்கிறார். முறைகளின் வேறுபாடு அனைத்தும் இவ்விரு கேள்விகளிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் முறிவை எடுத்துக்கொள்வோம். இடுப்பு முறிவு என்று நாம் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் மேல்முனையில் ஏற்படும் முறிவையே குறிக்கும். அம்முனையில் பந்து போன்ற தலை ஒன்றும், அதைத் தாங்கும் ஒடுங்கிய கழுத்து ஒன்றும், கழுத்தின் அடியில் தசைகள் பற்றிக்கொள்ளும் பருத்த பகுதி ஒன்றும் உண்டு. தலையும் கழுத்தின் பெரும்பகுதியும் மூட்டுறையினுள் அடங்கியவை. பருத்த பகுதி உறைக்கு வெளியே உள்ளது. முதுமையில், அதிலும் சிறப்பாகப் பெண்களிடத்தில், எலும்பு நொய்ந்துபோகிறது. அந்நிலையில் நின்ற இடத்திலிருந்து வழுக்கி விழுவதே எலும்பு முறியப் போதுமானது.

உறைக்குள் நேரும் முறிவு எளிதில் கூடுவதில்லை, வெளியே நேரும் முறிவு கூடிவிடுகிறது என்னும் வேறுபாட்டை ஆங்கில மருத்துவர் ஆஸ்ட்லி கூப்பர் 1822-இல் வெளியிட்ட தம் நூலில் எடுத்துக்காட்டினார். அதன் காரணம் குருதியோட்டத்தில் உள்ளது. தலைக்குச் செல்லும் குருதியில் பெரும்பங்கு, கழுத்தின்மேல் ஒட்டிப் படர்ந்து ஏறும் நுண்ணிய குழாய்களின் வழியாகவே செல்கிறது. கழுத்து முறிந்து விலகும்போது இக்குழாய்களும் அறுந்துபோகலாம். வேரறுந்த செடி சில நாள் பசுமையாக நின்று பின் பட்டுப்போவதுபோல, தலைப்பகுதியும் முதலில் நன்றாகவே தோன்றிப் பல மாதங்களுக்குப் பின் உயிரிழந்து நொறுங்குவது உண்டு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காலை விரித்து வைத்து மார்பிலிருந்து பாதம்வரை மாக்கட்டு இடுவதே சிறந்த முறையாகக் கருதப்பட்டது. முதியவர்கள் மாதக்கணக்கில் அசையாது கிடக்க நேர்ந்தது. முறிவைவிடப் படுக்கையே அவர்களுக்குக் கொடிய பகையாயிற்று. படுக்கைப் புண்ணும், நுரையீரல் அழற்சியும், கால் நரம்புகளில் உறையும் குருதியும் பலரைக் கொண்டுபோயின. 1925-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஸ்மித்-பீட்டர்சன் என்பவர், மூன்று இறகுகள் கொண்ட உலோக ஆணியைக் கழுத்தின் ஊடே செலுத்தித் தலையைப் பிணைத்தார். 1932-இல் சுவீடனின் ஸ்வென் யோஹான்சன், நடுவில் துளையுள்ள ஆணியை மெல்லிய கம்பியின் வழிகாட்டலோடு, எக்ஸ்ரே படத்தின் துணைகொண்டு செலுத்தும் முறையைத் தெரிவித்தார். மூட்டைத் திறக்காமலே ஆணியடிக்க இதனால் வழி பிறந்தது. எனினும் தலை உயிரிழக்கும் தொல்லை தீரவில்லை. 1935-இலும் கெல்லாக் ஸ்பீடு என்னும் அமெரிக்க மருத்துவர், தம் சொற்பொழிவுக்கு ‘விடை காணப்படாத முறிவு’ என்னும் பொருள்படத் தலைப்பிட்டார்.

இன்றைய முறை மூன்று நிலைகளைப் பிரித்துப் பார்க்கிறது. கழுத்து முறிந்தும் விலகாதிருந்தால், சில திருகாணிகளால் அவ்விடத்திலேயே பிணைக்கிறார்கள். முறிவு விலகியிருந்து, நோயாளி இளைஞராக இருந்தால், விரைவில் எலும்பை நேராக்கிப் பிணைத்து, அவருடைய சொந்தத் தலையைக் காப்பாற்ற முயல்கிறார்கள். செயற்கை மூட்டு எதுவும் நெடுங்கால உழைப்பில் தேயக்கூடியது என்பதே அதற்குக் காரணம். விலகிய முறிவு முதியவருக்கு நேர்ந்திருந்தால், உயிர் ஐயத்துக்குரிய தலையைப் பற்றிக்கொண்டு காத்திராமல், அதை அகற்றி உலோகத் தலை பொருத்துகிறார்கள். தலையை மட்டும் மாற்றுவது அரைமூட்டு மாற்றம். அது சுழலும் கிண்ணத்தையும் சேர்த்து மாற்றுவது முழுமூட்டு மாற்றம். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட 1,495 பேரிடம் இவ்விரண்டையும் ஒப்பிட்ட பன்னாட்டு ஆய்வொன்று 2019-இல் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் மறு அறுவை தேவைப்பட்டவர்களின் அளவில் இரு சாராரிடையேயும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. பெரிய அறுவையே எப்போதும் சிறந்த அறுவையாகிவிடாது என்பதற்கு இது நல்ல சான்று.

உறைக்கு வெளியே, பருத்த பகுதியில் முறிந்தால் நிலைமை வேறு. அங்கே குருதியோட்டம் மிகுதி. எலும்பு தானே கூடிவிடும். கூடும்வரை அது கோணாமல் தாங்குவதுதான் வேலை. அதற்கென அமைந்தது வழுக்குத் திருகாணி. தலையினுள் பதிந்த பெரிய திருகாணி, தொடையின் பக்கத்தில் பொருத்திய தகட்டின் குழலுக்குள் சறுக்கி இறங்கும். நோயாளி காலூன்றும்போது அவருடைய எடையே முறிந்த முனைகளை ஒன்றோடொன்று அழுத்துகிறது. முறிவு பல துண்டுகளாகி நிலையற்றிருந்தால், எலும்பின் மச்சைக் குழிக்குள் ஓர் ஆணியை இறக்கி, அதன் வழியே திருகாணியைச் செலுத்துகிறார்கள். நடுவில் நிற்கும் ஆணி, பக்கத்தில் நிற்கும் தகட்டைவிடப் பாரம் இறங்கும் கோட்டிற்கு அண்மையில் இருப்பதால், அதன்மேல் விழும் வளைவிசை குறைவு. நெம்புகோலைப் பற்றிப் படித்த மாணவர்கள் இதனை எளிதில் உணர்வார்கள்.

இவ்விரு வகை முறிவிலும் காலமே முதன்மையானது. உடல்நிலை இடந்தருமாயின், ஓரிரு நாட்களுக்குள் அறுவை முடித்து மறுநாளே நோயாளியை எழுப்பி நிறுத்த முயல்வது இன்றைய நெறி.

இனிக் கட்டிக்கு வருவோம். எலும்பில் தோன்றும் கட்டிகள் அனைத்தும் புற்றுநோயல்ல. தீங்கற்றவை பல உண்டு. எலும்பிலேயே பிறக்கும் புற்றும் உண்டு. மார்பகம், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, ஆண்களின் புராஸ்டேட் முதலிய உறுப்புகளில் தோன்றி எலும்புக்குப் பரவிய புற்றும் உண்டு. முதிர்ந்த வயதினரிடம் பெரிதும் காணப்படுவது இந்தப் பரவிய வகையே.

முறிவில் விரைவு நன்மை தருவதுபோல, கட்டியில் நிதானம் நன்மை தருகிறது. கத்தியை எடுக்குமுன் படங்கள் எடுத்து, கட்டியின் எல்லையை அளந்து, சிறு துணுக்கொன்றை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். இத்துணுக்கு எடுப்பதும் சிறு வேலையன்று. ஊசி சென்ற வழியில் புற்றணுக்கள் தங்கிவிடக்கூடும் என்பதால், பின்னர்ச் செய்யும் பெரிய அறுவையில் அவ்வழியையும் சேர்த்து அகற்றவேண்டும். ஆகவே இறுதி அறுவையைச் செய்யப்போகிறவரே துணுக்கெடுக்கும் இடத்தையும் குறிப்பது நலம்.

எவ்வளவு அகற்றுவது என்பது கட்டியின் இயல்பைப் பொறுத்தது. பெருஞ்செல் கட்டி என்பது பெரும்பாலும் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், முழங்காலை ஒட்டித் தோன்றுவது; பொதுவாகப் புற்றன்று, ஆயினும் மீண்டும் வளரும் இயல்புடையது. எலும்பில் சாளரம் திறந்து, கட்டியைச் சுரண்டியெடுத்து, குழியின் சுவரைக் கடைசல் கருவியால் தேய்த்து, எலும்புச் சிமெண்டால் நிரப்புகிறார்கள். இதனால் மூட்டு தப்பிவிடுகிறது.

ஆஸ்டியோசர்க்கோமா என்னும் கொடிய புற்றிற்குச் சுரண்டல் உதவாது. பத்திலிருந்து இருபது வயதுக்குள், எலும்பு விரைந்து வளரும் முழங்கால் பகுதியிலேயே இது மிகுதியாகத் தோன்றுகிறது. இங்கே கட்டியைச் சுற்றி நல்ல தசையும் எலும்பும் ஓர் உறைபோல் சேர்ந்து வருமாறு முழுமையாக அறுத்தெடுக்கவேண்டும். கட்டி சிறிதும் கண்ணுக்குப் படாமலே வெளியே வருவதுதான் நல்ல அறுவை. அமெரிக்காவின் என்னெக்கிங் என்னும் மருத்துவர் 1980-இல் வெளியிட்ட பாகுபாடு, கட்டிக்கும் கத்திக்கும் இடையேயுள்ள இந்த எல்லையை அளவிட உதவுகிறது.

முன்னாளில் இதற்கு ஒரே வழி காலைத் துண்டிப்பதுதான். துண்டித்தும் ஐவரில் நால்வர் அளவில் சில ஆண்டுகளில் இறந்தனர். கண்ணுக்குத் தெரியாத புற்றணுக்கள் அதற்குள் நுரையீரலை அடைந்துவிட்டிருந்ததே காரணம். 1970-களில் மருந்துச் சிகிச்சை வந்தபின் நிலை மாறிற்று. அறுவைக்கு முன்னும் பின்னும் மருந்து செலுத்துவதால், நோய் வேறிடம் பரவாத நிலையில் வருகிறவர்களில் ஐவரில் மூவருக்குக் குறையாமல் பிழைக்கிறார்கள். பெரும்பாலோர் காலையும் இழப்பதில்லை.

அறுத்தெடுத்த இடத்தை நிரப்புவதற்குப் பல வழிகள் உண்டு. நீண்ட உலோக எலும்பையும் மூட்டையும் பொருத்துவது ஒன்று. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராசனும் அவர்தம் குழுவினரும் 1980-களின் இறுதி முதற்கொண்டு நோயாளிக்கேற்ப இத்தகைய மூட்டுகளைச் செய்வித்துப் பொருத்தியிருக்கிறார்கள். வளரும் பிள்ளைகளுக்கு நீட்டிக்கொள்ளத்தக்க மூட்டுகளும் உள்ளன. இறந்தோர் கொடையாக அளித்த எலும்பைப் பொருத்துவது இரண்டாவது வழி. நோயாளியின் எலும்பையே வெளியே எடுத்து, கதிர்வீச்சாலோ திரவ நைட்ரஜனின் கடுங்குளிராலோ புற்றணுக்களைக் கொன்று மீண்டும் வைப்பது மூன்றாவது. முழங்கால் பகுதியை நீக்கிவிட்டு, கீழ்க்காலைப் பின்முகமாகத் திருப்பி இணைத்து, கணுக்காலையே முழங்காலாகப் பயன்படுத்துவது நான்காவது. பார்வைக்கு விந்தையாகத் தோன்றும் இம்முறையால், செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு பிள்ளைகள் ஓடியாடுகிறார்கள்.

தனித்தனியே வளர்ந்த இவ்விரு கலைகளும் ஒன்றுக்கொன்று கடன்பட்டவை. 1940-இல், தென் கரோலினாவைச் சேர்ந்த ஆஸ்டின் மூர், ஹெரால்டு போல்மன் என்பாருடன் சேர்ந்து, தொடையின் மேல்முனையில் மீண்டும் மீண்டும் வளர்ந்த பெருஞ்செல் கட்டியை எலும்போடு அகற்றி, ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள உலோக எலும்பைப் பொருத்தினார். கட்டிக்கெனப் பிறந்த அந்த எண்ணத்தை மூர் பின்னர் இடுப்பு முறிவுக்கேற்பத் திருத்தியமைத்தார். 1950-களில் அவர் பெயரால் வழங்கிய உலோகத் தலை, உலகெங்கும் எண்ணற்ற முதியவர்களை நடக்கவைத்தது. மறுபுறம், இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இடுப்பு மூட்டைப் பதிக்கப் பயன்படுத்திய அக்ரிலிக் சிமெண்டு, இன்று கட்டி சுரண்டிய குழிகளை நிரப்புகிறது.

ஆனால் இவ்விரு நோயும் ஒரே எலும்பில் சந்திக்கும்போதுதான் மருத்துவரின் அறிவு மெய்யாகச் சோதிக்கப்படுகிறது. கட்டி அரித்த எலும்பு, படுக்கையில் திரும்பினாலும் முறியலாம். அதை வழக்கமான முறிவென்று எண்ணி மச்சைக் குழிக்குள் ஆணியை இறக்கினால், புற்றணுக்கள் எலும்பின் நீளம் முழுவதும் பரவும். காத்திருக்கக்கூடிய காலை வெட்ட நேரிடும். எனவே, “இது எப்படி முறிந்தது?” என்று கேட்டு விடையறியும் முன் ஆணியைத் தொடலாகாது.

அதே சமயம், வேறு உறுப்பிலிருந்து பரவிய புற்று என்று உறுதியானால் அந்த ஆணியே அருமருந்தாகிறது. அங்கே நோக்கம் நோயை வேரறுப்பதன்று. எஞ்சிய நாட்களில் நோயாளி வலியின்றி நடப்பது. நீண்ட ஆணியால் எலும்பு முழுவதையும் தாங்கி, பின் கதிர்வீச்சுத் தருகிறார்கள். கழுத்தும் தலையும் அழிந்திருந்தால் மூட்டை மாற்றுகிறார்கள். முறியுமுன்னே காப்பதும் உண்டு. இடம், வலி, கட்டியின் தன்மை, அதன் அளவு ஆகிய நான்கிற்கும் மதிப்பெண் இடும் முறையை மிரல்ஸ் என்பவர் 1989-இல் வகுத்தார். பன்னிரண்டில் ஒன்பதோ அதற்கு மேலோ வந்தால் எலும்பை முன்கூட்டியே பிணைப்பது நன்றென்பது அவர் முடிவு.

மாணவ நண்பர்களே, ஒரே ஆணி ஓரிடத்தில் காலைக் காக்கிறது. மற்றோரிடத்தில் காலைப் பறிக்கிறது. கருவியில் வேறுபாடில்லை, அதை எடுக்குமுன் கேட்கும் கேள்வியில்தான் வேறுபாடு. இதில் உங்களுக்கும் பங்குண்டு. உங்கள் வயதினர் ஒருவருக்கு முழங்காலருகே வலி வாரக்கணக்கில் நீடித்தால், இரவில் உறக்கத்தைக் கெடுத்தால், வீக்கம் வளர்ந்துகொண்டே போனால், விளையாட்டில் பட்ட அடி என்று சொல்லி எண்ணெய் தேய்த்து அமுக்கிவிடாதீர்கள். கட்டுப் போடுமிடத்துக்கும் அழைத்துச் செல்லாதீர்கள். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுக்கச் செய்யுங்கள். வீட்டிலுள்ள பாட்டியார் விழுந்து எழ இயலாதுபோனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றிராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இவ்விரண்டையும் நினைவிற் கொண்டால், மருத்துவர் தம் கேள்வியைத் தக்க நேரத்தில் கேட்க நீங்கள் உதவியவர்களாவீர்கள்.