தட்டைக்கணினியும் மேசைக்கணினியின் இயங்குதளமும்

மேசைக்கணினிக்கென்று உருவாக்கிய இயங்குதளத்தைத் தட்டைக்கணினியில் அப்படியே பயன்படுத்தலாமா? கணினித் துறையினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இக்கேள்வியை விவாதித்து வருகின்றனர். இது பொறியாளர்களுக்கு மட்டும் உரிய விவாதம் என்று ஒதுக்கிவிட முடியாது. பிள்ளைகளுக்காக ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பத்திற்கு இது பணத்தோடும் படிப்போடும் தொடர்புடையது.

முதலில் இயங்குதளம் என்றால் என்னவென்று பார்ப்போம். கிள்ளான் வட்டாரத்தில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், விடியற்காலைப் பிரட்டில் யார் எந்த நிரைக்குச் செல்ல வேண்டும் என்று மண்டோர் பிரித்துக் கொடுப்பார். கணினிக்குள் அவ்வேலையைச் செய்வதுதான் இயங்குதளம். நினைவகத்தில் எந்தச் செயலிக்கு எவ்வளவு இடம், சில்லு எதை முதலில் செய்ய வேண்டும், திரையில் எது தோன்ற வேண்டும் என்பனவற்றை அது முடிவு செய்கிறது. மேசைக்கணினியின் இயங்குதளம் பல செயலிகளை ஒரே நேரத்தில் வேலை செய்ய விடும். மின்சாரம் சுவரிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் அதற்குக் கவலையில்லை. தட்டைக்கணினியின் இயங்குதளமோ, கண்ணில் படாத செயலிகளைச் சிறிது நேரத்தில் உறங்க வைத்துவிடும். மின்கலம் நாள் முழுவதும் தாங்க வேண்டும் அல்லவா?

இரண்டுக்கும் உள்ள இன்னொரு பெரிய வேறுபாடு நம் விரல். சுட்டியின் முனை திரையில் ஒரு சிறு புள்ளியைக் கூடத் துல்லியமாகத் தொடும். விரல் நுனி அப்படியன்று. அதனால்தான் தொடுதிரையில் உள்ள பொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டு வடிவமைப்பு வழிகாட்டி பரிந்துரைக்கிறது. மேசைக்கணினியில் சாளரத்தை மூடும் சின்னஞ்சிறு பெருக்கல் குறியை விரலால் தொட முயன்றால், பக்கத்தில் உள்ள வேறொன்றைத் தொட்டுவிடுவோம். மேலும், சுட்டியை ஒரு பொத்தானின் மேல் நிறுத்தி வைத்தால் அதன் விளக்கம் தோன்றும். விரலை அவ்வாறு நிறுத்தி வைக்க வழியில்லை, தொட்டால் தொட்டதுதான்.

இத்தடையை அறியாமல் யாரும் முயன்று பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. 2002ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் நிறுவனம் தட்டைக்கணினிக்கென விண்டோஸ் எக்ஸ்பியின் தனிப் பதிப்பு ஒன்றை வெளியிட்டது. அதை இயக்கச் சிறப்புப் பேனா தேவைப்பட்டது, கருவிகள் கனமாக இருந்தன, விலையும் மிகுதி. மக்களிடையே அது பரவவில்லை. 2010இல் ஆப்பிள் நிறுவனம் எதிர்த்திசையில் சென்றது. மேசைக்கணினியின் இயங்குதளத்தைச் சுருக்காமல், திறன்பேசியின் இயங்குதளத்தைப் பெரிதாக்கி ஐபேட்டில் வைத்தது. பேசத் தொடங்கும் முன்பே குழந்தைகள் அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டார்கள்.

2012இல் மைக்ரோசாப்ட் மீண்டும் முயன்றது. அவ்வாண்டு வந்த ‘சர்ஃபேஸ் ஆர்டி’ பார்ப்பதற்கு விண்டோஸ் போலவே இருந்தது. ஆனால், மக்கள் ஏற்கெனவே வைத்திருந்த விண்டோஸ் மென்பொருள்கள் அதில் ஓடவில்லை. பெயரை நம்பி வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் இக்கருவியின் பொருட்டு 900 மில்லியன் அமெரிக்க டாலர் இழப்பைத் தன் கணக்கில் காட்டியது. முழு விண்டோஸ் இயங்கிய ‘சர்ஃபேஸ் புரோ’ வரிசை மட்டும் நிலைத்து நின்றது. அதை வாங்கியவர்களில் பலர் விசைப்பலகையையும் சேர்த்து வாங்கி, மடிக்கணினி போலவே பயன்படுத்தினர் என்பது கவனிக்கத்தக்கது.

இதுவரை சொன்னதைக் கொண்டு பார்த்தால், தட்டைக்கணினிக்கு எளிய இயங்குதளமே போதும் என்று தோன்றும். ஆனால், தமிழில் எழுதுபவர்களுக்கு வேறோர் அனுபவம் உண்டு.

நம் நாட்டைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985ஆம் ஆண்டில் உருவாக்கிய முரசு மென்பொருள், பின்னாளில் முரசு அஞ்சல் என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. மேசைக்கணினியில் தமிழை எழுத அவர் எந்தப் பெரிய நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் மென்பொருள் எழுதலாம்; யார் வேண்டுமானாலும் அதை நிறுவிக்கொள்ளலாம். அந்தத் திறந்த வாசல் வழியாகத்தான் தமிழ் கணினிக்குள் நுழைந்தது.

ஐபேட் வந்தபோது அந்த வாசல் மூடியிருந்தது. ஆப்பிள் தரும் விசைப்பலகைகளை மட்டுமே அதில் பயன்படுத்த முடியும். அவற்றுள் தமிழ் இல்லை. ஒரு தனிச்செயலிக்குள் தமிழில் எழுதி, நகலெடுத்து, மின்னஞ்சலிலோ வேறிடத்திலோ ஒட்ட வேண்டியிருந்தது. 2013இல் ஐஓஎஸ் 7 வெளிவந்த போதுதான் தமிழ்99, அஞ்சல் ஆகிய இரு விசைமுகங்களும் அதற்குள் இடம்பெற்றன. பிறர் உருவாக்கிய விசைப்பலகைகளை நிறுவும் வசதி 2014இல் கிடைத்தது. ஆண்ட்ராய்டு இவ்விஷயத்தில் தொடக்கத்திலேயே தாராளமாக இருந்தது. சிறிய மொழிச் சமூகங்களுக்கு இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. எல்லாவற்றையும் தயாரிப்பாளரே முடிவு செய்யும் கருவியில், நம் தேவை அவருடைய பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறதோ அதுவரை நாம் காத்திருக்க வேண்டும்.

மூடிய வாசலுக்கும் ஒரு நன்மை உண்டு என்பதை மறுக்க முடியாது. தட்டைக்கணினியில் ஒவ்வொரு செயலியும் தனித்தனி அறையில் அடைக்கப்பட்டிருக்கும். ஒன்று மற்றொன்றின் பொருளைத் தொட முடியாது. பென்டிரைவ் வழியாக நச்சுநிரல் பரவிப் பள்ளிக் கணினி அறையே முடங்கிய கதைகளை உங்கள் ஆசிரியர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

இனி நம் நாட்டுப் பள்ளிகளுக்கு வருவோம். 2013இலேயே மலேசியப் பள்ளிகளுக்குக் குரோம்புக் கணினிகள் வழங்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. வடிவத்தில் மடிக்கணினி, உள்ளே எளிய இயங்குதளம் என்பது இவ்விவாதத்திற்கு ஒரு நடுவழியாக அமைந்தது. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே கற்க எத்தனை மாணவர்களிடம் கருவி இருக்கிறது என்ற கேள்வி திடீரென நாட்டின் முன் நின்றது. அவ்வாண்டு ஜூன் மாதம் கல்வி அமைச்சு டெலிமா கற்றல் தளத்தைத் தொடங்கியது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில், 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்களுக்குக் கருவிகள் வழங்கும் திட்டமும் அறிவிக்கப்பட்டது. பி40 குடும்பங்களைச் சேர்ந்த உயர்கல்வி மாணவர்களுக்குத் தட்டைக்கணினி வழங்கும் ‘பெராந்தி சிஸ்வா’ திட்டம் அதற்கடுத்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் இடம்பெற்றது.

அடுக்குமாடி வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே தட்டைக்கணினி என்று வைத்துக்கொள்வோம். தொடக்கப்பள்ளியில் படிக்கும் தம்பிக்குக் காணொலி பார்க்கவும் விடையைத் தொட்டுக் காட்டவும் அது போதும். கிள்ளானிலிருந்து கே.எல். சென்ட்ரல் வரை கொமுட்டர் ரயிலில் நின்றுகொண்டே பாடக் குறிப்பு வாசிக்கும் அண்ணனுக்கும் அது வசதிதான். படிவம் 4இல் பயிலும் அக்காவுக்கோ இடர்ப்பாடு. ஒரு பக்கம் கட்டுரைக் குறிப்பு, மறுபக்கம் எழுதும் தாள் என இரண்டையும் திறந்து வைக்கச் சிறிய திரை இடம் கொடுப்பதில்லை. திரையிலேயே தோன்றும் விசைப்பலகை பாதியை மறைத்துவிடுகிறது. கணினி அறிவியல் பாடத்திற்கு நிரல் எழுதும் மென்பொருளும் பெரும்பாலும் மேசைக்கணினியை மனத்தில் கொண்டே உருவாக்கப்பட்டிருக்கிறது.

மாணவர்களிடம் “உன் கோப்பு எங்கே இருக்கிறது?” என்று கேட்டால், கோப்புறையின் பெயரைச் சொல்லாமல் செயலியின் பெயரைச் சொல்கிறார்கள். தட்டைக்கணினி அதை மறைத்தே பழக்கிவிட்டது. இதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

அப்படியானால் எல்லாத் தட்டைக்கணினியிலும் முழு விண்டோஸைப் போட்டுவிடலாமா? விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பிடமும் வேண்டும். இது வெறும் நுழைவுச்சீட்டுதான். அந்த அளவோடு நின்றால் கருவி தவழும். குறைந்த விலைக் கருவியின் மீது பெரிய இயங்குதளத்தை ஏற்றினால், இரண்டின் குறைகளும்தாம் மிஞ்சும்.

ஆகவே, விரலால் தொடும்போது எளிமையாகவும், விசைப்பலகையும் சுட்டியும் இணைத்தவுடன் மேசைக்கணினி போலவும் மாறும் கருவியே மாணவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. உற்பத்தியாளர்களும் அத்திசையில்தான் நகர்கின்றனர். சாம்சங் நிறுவனம் 2017இல் ‘டெக்ஸ்’ வசதியைக் கொண்டு வந்தது. ஆப்பிள் 2021இல் தன் மடிக்கணினியில் இருந்த அதே எம்1 சில்லை ஐபேட் புரோவிலும் வைத்தது; 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26இல் நகர்த்தக்கூடிய சாளரங்களும் பட்டியல் பட்டையும் இடம்பெற்றன. ஆனாலும், மேக் இயங்குதளத்தை மட்டும் அது இன்னும் உள்ளே விடவில்லை. தடை சில்லில் இல்லை என்பது இதனால் தெரிகிறது.

லோயாட் பிளாசாவிலோ பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ கருவி வாங்கச் செல்லும்போது, விற்பனையாளர் முதலில் திரையின் பளபளப்பைத்தான் காட்டுவார். நீங்கள் ஒரு விசைப்பலகையை இணைத்துத் தரச் சொல்லுங்கள். பத்து வரி தமிழில் தட்டெழுதி, அதைக் கோப்பாகச் சேமித்து, செயலியை மூடுங்கள். பிறகு அக்கோப்பைத் தேடி எடுத்து மின்னஞ்சலில் இணைக்க முடிகிறதா என்று பாருங்கள். இயங்குதளப் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்குக் கிடைக்கும் என்றும் கேளுங்கள். இதற்குக் கால் மணி நேரம் ஆகும். கடைக்காரர் சற்று முகம் சுளிக்கலாம்.