ஒரு சோறு பதம் போதுமா?

மைசூருக்குப் பக்கத்தில், காவிரி ஆற்றின் நடுவே ஸ்ரீரங்கப்பட்டணம் இருக்கிறது. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட ஊர். அவர்களிடம் வாணப் படை இருந்தது. இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக அடைப்பார்கள். அதை மூங்கிலில் கட்டி விடுவார்கள். 1780-இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஆங்கிலேயர் படை இந்த வாணங்களைக் கண்டு திணறியது.

வாணம் சிறியது. சந்தேகம் வந்தால் ஒன்றைக் கொளுத்திப் பார்க்கலாம். பெரிய ராக்கெட்டுக்கு என்ன செய்வது?

ஸ்ரீஹரிகோட்டாவில் எஸ்-200 என்ற மோட்டாரைச் செய்கிறார்கள். அதில் சுமார் 200 டன் திட எரிபொருள் இருக்கிறது. இருபது லாரிச் சுமை! தீ வைத்தால் நடுவில் அணைக்க முடியாது. கொளுத்திப் பார்த்தால் அதோடு தீர்ந்தது. எனவே விஞ்ஞானிகள் ஒரு வழி செய்கிறார்கள்.

எரிபொருள் முதலில் கெட்டியான கூழ் போல இருக்கும். பிறகு ரப்பர் போல இறுகும். பெரிய மோட்டாரில் ஊற்றும் அதே கூழில் கொஞ்சம் எடுத்துச் சின்ன மோட்டாரில் ஊற்றுகிறார்கள். அதைத் தரையில் கட்டிவைத்து எரிக்கிறார்கள். அழுத்தத்தையும் நேரத்தையும் அளக்கிறார்கள்.

கணக்கு எளிதுதான். 20 மில்லிமீட்டர் கனம் 4 விநாடியில் எரிந்தது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர். அதே அழுத்தத்தில் 500 மில்லிமீட்டர் கனம் எரிய 100 விநாடி ஆகும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். இங்கே அது முழுதும் பொருந்தாது. சின்ன மோட்டாரில் வெப்பத்தில் கணிசமான பங்கு சுவர் வழியே போய்விடும். பெரியதில் அந்தப் பங்கு குறைவு. கூழ் பாய்ந்து நிரம்பும் விதமும் வேறு. அதனால் எரியும் வேகம் சற்று மாறும். நூற்றுக்குச் சில பங்குதான். ஆனால் வேகம் கூடினால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் வேகம் இன்னும் கூடும். அளவு மீறினால் உறை வெடிக்கும். முன்பு எரித்த பெரிய மோட்டார்களின் அளவுகளை வைத்துத்தான் இந்த வித்தியாசத்தைத் திருத்துகிறார்கள்.

முதல் எஸ்-200 மோட்டாருக்கு அப்படி முன்னோடி இல்லை. 2010 ஜனவரி 24-இல் அதைத் தரையிலேயே முழுதாக எரித்துப் பார்த்தார்கள். நன்றாக எரிந்தது.

ராக்கெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு மோட்டார் இருக்கும். ஒன்று முந்தி ஒன்று பிந்தி எரிந்தால் ராக்கெட் ஒரு பக்கம் இழுபடும். 2023 ஜூலை 14-இல் சந்திரயான்-3 கிளம்பியது. இரண்டு மோட்டார்களும் சேர்ந்து எரிந்தன. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு சேர்ந்தே கழன்று வங்கக் கடலில் விழுந்தன.