சாப்பிட்டதும் பாதம் வலிக்கிறதா? சர்க்கரை முதல் பி12 வரை... கவனிக்க வேண்டியவை என்னென்ன?

மேற்கு மாம்பலத்தில் ஏதோ ஒரு கல்யாண மண்டபம். பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில், “சாப்பிட்டு எழுந்தாலே பாதம் திகுதிகுன்னு எரியுது, என்னமோ ஒத்துக்கலை” என்று ஒரு பெரியவர் புலம்புவதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். வயிற்றுக்குப் போன சாப்பாட்டுக்கும் பாதத்துக்கும் என்ன சம்பந்தம்?

சாப்பிட்டால் பாதம் வலிக்கும் என்று தனியாக ஒரு நோய் கிடையாது. ஏற்கெனவே உடம்பில் இருக்கும் பிரச்னை அந்த நேரத்தில் தலைகாட்டலாம்.

முதல் சந்தேகம் சர்க்கரை

2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. சர்க்கரை பல ஆண்டுகள் கட்டுப்பாடில்லாமல் இருந்தால் நரம்புகள் பாதிக்கப்படும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போவதால், எரிச்சலும் மதமதப்பும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். சாப்பிட்ட பின் சர்க்கரை எகிறும்போது சிலருக்கு இது கூடுதலாகத் தெரியலாம்.

ஒரு விஷயம்: நரம்பு வலி பொதுவாக இரவில்தான் அதிகமாகும். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எரிகிறது என்றால், காரணம் சாப்பாடாக இல்லாமல் இரவாகவும் இருக்கலாம்.

வெறும் வயிற்றில் மட்டும் டெஸ்ட் எடுத்துவிட்டு ‘நார்மல்’ என்று நிம்மதியாகிவிடாதீர்கள். சாப்பிட ஆரம்பித்து 2 மணி நேரம் கழித்தும் பாருங்கள்.

சைவமா? பி12 பாருங்க

வைட்டமின் பி12 இயற்கையாகக் கிடைப்பது அசைவத்திலும் பால், முட்டையிலும்தான். சுத்த சைவக்காரர்களுக்கு இது குறைய வாய்ப்பு அதிகம். மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட காலம் எடுப்பவர்களுக்கும் குறையலாம். அறிகுறியும் அதே எரிச்சல், மதமதப்புதான். ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.

கட்டைவிரல் சிவந்து வீங்கினால்?

அது கவுட் ஆக இருக்கலாம். யூரிக் அமிலம் படிகமாகி மூட்டில் தங்குவதால் வரும் வலி இது. பெரும்பாலும் நள்ளிரவில் தாக்கும். “பருப்பை நிறுத்து” என்பார்கள். ஆனால், 47,150 ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இறைச்சியும் கடல் உணவும்தான் அபாயத்தைக் கூட்டின. பியூரின் அதிகமுள்ள காய்கறிகள் கூட்டவில்லை. பீரும் சர்க்கரை சேர்த்த குளிர்பானங்களும்கூட வில்லன்கள்தான்.

உட்கார்ந்ததுதான் காரணமோ?

சம்மணம் போட்டுச் சாப்பிட்டு எழுந்ததும் கால் மரத்துப்போனால், நரம்பு அழுந்தியதே காரணம். சில நிமிடத்தில் சரியாகிவிடும். எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகால் சுளீர் என்றால், அது குதிகால் தசைநார் அழற்சியாக இருக்கலாம். இரண்டிலும் சாப்பாட்டின் மேல் தப்பில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

* ஒரு கால் மட்டும் திடீரென ஜில்லிட்டு வெளிறிப்போனால்
* ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால்
* சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் புண் வந்தால்

எரிச்சலுக்கு வெந்நீர் ஒத்தடம் என்பது பல வீடுகளில் முதல் வைத்தியம். மரத்துப்போன பாதத்துக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். அதனால், ஒத்தடம் வேண்டாம். ஒரு வாரம் என்ன சாப்பிட்டீர்கள், எப்போது வலித்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். பாதி விடை அந்தக் காகிதத்திலேயே இருக்கும்.